பித்தளையைக் கும்பிடு, ரப்பரைத் தூக்கிப் போடு!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள வச்சிருந்த ஒரு கடுப்பை இன்னைக்கு இறக்கி வைக்கப் போறேன். பைக் பிடிக்காத மக்கள் இத்தோட ஜூட் விட்டுக்கலாம். ஆனா வீட்டு மூலைல அப்பாவோட பழைய வண்டி ஒண்ணு தார்ப்பாய் போர்த்தி நிக்குதுன்னா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சுட்டுப் போங்க.

போன வாரம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன் (சித்தையன்கோட்டை. செம்பட்டியில இறங்கி ஆத்தூர் பக்கம் திரும்பணும்). நண்பர் ஒருத்தர் புதுசா ரெடி பண்ணின யமஹா ஆர்எக்ஸ் 100-ஐக் காட்டக் கூப்பிட்டார். பார்த்ததும் அசந்துட்டேன். டேங்க்ல முகம் பார்த்துத் தலை சீவலாம். சைலன்சர் வெள்ளித் தட்டு மாதிரி மின்னுது. ஸ்டிக்கர் மட்டும் மூணு தடவை ஒட்டி, நூல் பிடிச்ச மாதிரி வரலைன்னு உரிச்சு மறுபடி ஒட்டினாராம். கீழ குனிஞ்சு கார்புரேட்டரைப் பார்த்தேன். பாடி புது ரூபா காயின் மாதிரி இருக்கு. அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற கறுப்பு ரப்பர் ஜாயின்ட்ல விரல் வச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு.

"இதை மாத்தலையா?"ன்னு கேட்டேன்.

"என்ன நீங்க, அது ஜப்பான் ரப்பர். ஒரிஜினல். அதைப் போய் மாத்துவாங்களா?"

அங்க பல்லைக் கடிச்சுட்டு வந்தேன். இங்க கடிக்க முடியாது. இது என் வீடு :-)

என் சொந்தக் கதை, சோகக் கதை

எனக்கு ஏன் இவ்வளவு கடுப்புன்னா, இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன். பெருமையா சொன்னேன்.

2021-ல ஆபீஸை இழுத்து மூடி எல்லாரையும் வீட்டுல இருந்து பொட்டி தட்டச் சொன்னாங்க இல்லையா, அப்ப எனக்கு ஊர்ல சாயங்காலம் ஆனா வேலை கிடையாது. மாட்டுக் கொட்டகைல அப்பாவோட ஆர்எக்ஸ் 100 பதினோரு வருஷமா நின்னுச்சு. கோழி முட்டை போட்டு வச்சிருந்தது. அதை எடுத்து ரெடி பண்றதுன்னு முடிவு பண்ணினேன். மெக்கானிகல் படிச்சுட்டு ஜாவா எழுதுற எல்லாருக்கும் இப்படி ஒரு பாவ மன்னிப்பு ஆசை இருக்கும், உங்களுக்குத் தெரியாததா?

நாலு மாசம். பெயின்ட், குரோம், சீட், கேபிள் எல்லாம் புதுசு. கார்புரேட்டரைப் பார்ட் பார்ட்டாக் கழட்டி, ஜெட் ஓட்டையை எல்லாம் கம்பி விடாம காத்துல ஊதி, பல் துலக்குற பிரஷ்ல தேய்ச்சுக் கோர்த்தேன். கடைசில இந்த ரப்பர் ஜாயின்ட். மெக்கானிக் அண்ணன் கைல வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் தம்பி இருக்கு. இந்த குவாலிட்டி இனிமே வராது. அப்படியே போடுங்க"ன்னார். போட்டேன். சும்மா போடலை, டயருக்குத் தேய்க்கிற பாலிஷைப் போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கிப் போட்டேன்.

வண்டி ரெண்டாவது உதைல ஸ்டார்ட் ஆச்சு. அந்தச் சத்தம் கேட்டு அப்பா உள்ளேயிருந்து எந்திரிச்சு வந்தார். அதுக்கு மேல நான் எதையும் செக் பண்ணலை.

மூணாவது வாரம் மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) வண்டியை வாங்கிட்டு வத்தலக்குண்டு வரைக்கும் போனார். திரும்பி வர்றப்ப செம்பட்டிக்கு முன்னாடி நல்ல ரோடு. அறுபது, எழுபதுல வந்திருப்பார். இன்ஜின் கீச்னு ஒரு சத்தம் போட்டு அப்படியே பிடிச்சுக்கிச்சு. பிஸ்டன் சீஸ். பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்னுடுச்சு. கிளட்சைப் பிடிக்கணும்னு தோணுறதுக்குள்ள மனுஷன் ரோட்டுல கிடந்தார். காரை எலும்பு முறிஞ்சு போச்சு.

மச்சான் எலக்ட்ரீசியன். வேலைக்குப் போனாத்தான் காசு. ரெண்டு மாசம் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வண்டியைப் பிரிச்சுப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் முனை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கமா ஆணியால கீறின மாதிரி கோடு கோடா. கடைசில அந்த ரப்பர் ஜாயின்ட்டை எடுத்து ரெண்டு கையாலயும் வளைச்சேன். வெளிய பளபளப்பு. வளைச்சதும் உள்பக்கம் முழுக்க, சித்திரைல வத்திப் போன கண்மாய் மாதிரி வெடிப்பு. ஒண்ணு ரெண்டு இந்தப் பக்கமே வெளிச்சம் தெரிஞ்சது.

நான் தேய்ச்ச பாலிஷ் வெடிப்பை நிரப்பி மறைச்சு வச்சிருந்துச்சு. அவ்வ்வ்வ்னு இங்க எழுதலாம். அன்னைக்கு அப்படி வரலை.

அந்தத் துண்டு ரப்பர் என்னதான் பண்ணுது?

கொஞ்சம் பாடம் எடுத்துக்கறேன், தூங்காதீங்க.

கார்புரேட்டருக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். காத்தையும் பெட்ரோலையும் ஒரு கணக்குல கலக்கணும். பெட்ரோல் முழுசா எரிய எடைக்கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமாரா 14.7 பங்கு காத்து வேணும். அந்தக் கணக்கைப் பித்தளை ஜெட்டும் ஊசியும் பார்த்துக்குது. ஆனா கணக்குல வராத காத்து பின்வாசல் வழியா உள்ள வந்துட்டா? ரப்பர் ஜாயின்ட்ல வெடிப்பு விட்டா அதுதான் நடக்குது. கலவை லீன் ஆகும். லீன் ஆனா சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்கு எண்ணெய் கொண்டு போறதும் இந்தக் கலவைதான். சூட்டுல பிஸ்டன் ஊதிப் பெருக்கும், சிலிண்டர் சுவரோட ஒட்டிக்கும். அடுத்தது மச்சானோட காரை எலும்பு.

இது ஒரு ரப்பர். இன்னும் இருக்கு. கிண்ணத்துக்கும் பாடிக்கும் நடுவுல கேஸ்கட். சில மாடல்ல ஏர் ஸ்க்ரூல கடுகு சைஸ்ல ஓ-ரிங். சோக் பிளஞ்சர் அடில ஒரு பொட்டு ரப்பர், அது தேஞ்சா சோக் எப்பவும் பாதி திறந்த கணக்கு, மைலேஜ் போகும். ஃப்ளோட் ஊசி முனைல ரப்பர் இருக்கிற மாடல்னா, அது பள்ளம் விழுந்தா ராத்திரி முழுக்க பெட்ரோல் சொட்டும். டேங்க் டேப்புக்குள்ள நாலு ஓட்டை வாஷர், கடைசில பெட்ரோல் ஓஸ்.

எல்லாத்தையும் சேர்த்து உள்ளங்கைல வச்சா ஒரு பிடி கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். அதுதான் பிரச்சனையே. சின்னதா இருக்கிறதால அதுக்கு மரியாதை இல்லை. திண்டுக்கல் பக்கத்துல பொறந்தவன் இதைச் சொல்லலாம். நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. எடையும் கனமும் பார்த்து எல்லாரும் வாயைப் பிளக்குறாங்க. ஆனா பூட்டைப் பூட்டா வச்சிருக்கிறது வெளிய தெரியாத உள் தகடுதான். அது தேஞ்சா வெளிய எத்தனை கிலோ இரும்பு இருந்தும் கதவு திறந்த கதவுதான்.

உலக அளவுல உதாரணம் வேணுமா? 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் கிளம்பின 73-வது விநாடில சிதறிச்சு. ஏழு பேர் போயிட்டாங்க. ராக்கெட் பூஸ்டர் மூட்டுல இருந்த ஓ-ரிங் குளிர்ல விறைச்சுப் போய் அடைக்க வேண்டியதை அடைக்கலை. விசாரணைல ஃபெய்ன்மன் அந்த ரப்பர் துண்டை ஐஸ் தண்ணில முக்கி, அழுத்தின ரப்பர் திரும்ப நிமிர மறுக்குதுன்னு எல்லார் முன்னாடியும் காட்டினார். அதுக்குச் சில மாசம் முன்னாடி, 1985-லதான் நம்ம ஆர்எக்ஸ் 100 இந்தியாவுல இறங்குச்சு. 1996-ல தயாரிப்பே நின்னுபோச்சு. அதாவது கடைசி வண்டியோட ரப்பருக்கே வயசு முப்பது ஆச்சு சாமி!

இனி எதிர்த்தரப்பு வாதங்கள், ஒவ்வொண்ணா

1. "பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

இது மெக்கானிக் அண்ணன்மார் வாதம். அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. காது வச்சே இன்ஜின் நோயைச் சொல்றவங்க. ஆனா ரப்பர் விஷயத்துல கண்ணை நம்பக் கூடாது.

பெட்ரோல் படுற இடத்துல போடுறது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அது வளைஞ்சு குடுக்கணும்னு உள்ள எண்ணெய் மாதிரி ஒரு மென்மையாக்கி கலந்திருப்பாங்க. வருஷக் கணக்கா பெட்ரோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டு, அதுக்குப் பதிலா தான் உள்ள போய் உட்கார்ந்துக்கும். ஊறிக் கிடக்கிற வரைக்கும் ரிங் கொழுகொழுன்னு இருக்கும். நீங்க கார்புரேட்டரைப் பிரிச்சு ஒரு வாரம் அலமாரில வைக்கிறீங்க. பெட்ரோல் ஆவியாப் போகும், மென்மையாக்கி ஏற்கனவே போயாச்சு. ரிங் சுருங்கி, விறைச்சு, சைஸ் குறைஞ்சு நிக்கும். "பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒழுகலை, பிரிச்சு மாட்டினதும் ஒழுகுது"ன்னு புலம்புறோமே, அந்த மர்மத்துக்குப் பெரும்பாலும் விடை இதான்.

இன்னொண்ணு. ஓ-ரிங் அடைக்கிறது அது நசுங்கி, திரும்ப நிமிரப் பார்க்கிற அந்த வீம்புனாலதான். பழைய ரிங்கை எடுத்துக் குறுக்கா வெட்டிப் பாருங்க. வட்டமா இருக்க வேண்டியது ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கும். வீம்பு செத்துப் போச்சு. அதைத் திருப்பிப் போட்டா பொணத்தை வாட்ச்மேன் வேலைக்கு வச்ச கதைதான்.

2. "ஒரிஜினல் போச்சுன்னா வண்டி மதிப்பே போச்சு"

இது கலெக்டர் பார்ட்டிகள் வாதம். (மாவட்ட கலெக்டர் இல்லைங்க, பழசு சேக்கிறவங்க.) ஐயா, டயரை மாத்துறீங்கல்ல? பிரேக் ஷூவை மாத்துறீங்கல்ல? 1988-ல ஊத்தின 2டி ஆயிலையா இன்னும் வச்சிருக்கீங்க? தேயுறதுக்குன்னே படைச்ச பொருள்ல ஒரிஜினல்னு ஒண்ணு கிடையாது.

இதைவிடக் கொடுமை, "பிரிக்காத பழைய பாக்கெட், அந்தக் காலத்து கம்பெனி ரப்பர்"னு சொல்லி யானை விலைக்கு விக்கிறது. வாங்குறவங்க அதைப் பொக்கிஷம் மாதிரி ஸ்டேட்டஸ்ல போடுறாங்க. பாக்கெட்டுக்குள்ள இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். காத்து, ஓசோன், வெயில் சூடு எல்லாம் அதைத் தின்னும். விமானத் துறை வழிகாட்டுதல்ல நைட்ரைல் ஓ-ரிங்கை அலமாரில வச்சிருக்கலாம்னு சொல்ற காலம் 15 வருஷம். அதுவும் ஒழுங்கா, நிழல்ல, சூடு இல்லாம வச்சிருந்தா. நம்ம ஆள் வித்தது ஒரு கடைப் பரண்ல முப்பது கோடை பார்த்த ரப்பர். அதைக் கண்ணாடிப் பெட்டில வைங்க. இன்ஜின்ல வைக்காதீங்க.

3. "புது கிட்டு எல்லாம் டூப்ளிகேட். பழசே தேவலாம்"

இந்த வாதத்துல பாதி உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். மார்க்கெட்ல விக்கிற ரிப்பேர் கிட் பலதுல வர்ற ஜெட் ஓட்டை சைஸ் சரியில்லை. ஃப்ளோட் ஊசி நீளம் மாறுது. நம்மாளு கிட் வாங்கினதும் என்ன பண்றான்? நல்லா இருக்கிற பழைய பித்தளை ஜெட்டைக் கழட்டிப் போட்டுட்டு கிட்ல வந்ததை மாட்டுறான். ரப்பரைப் பழசே இருக்கட்டும்னு விட்டுடுறான். அப்படியே தலைகீழ்! பித்தளை முப்பது வருஷத்துல சாகாது. கம்பி விட்டுக் குடையாம, அழுக்கு மட்டும் எடுத்தா இன்னும் முப்பது வருஷம் ஓடும். சாகுறது ரப்பர்தான்.

அதனாலதான் தலைப்பு. பித்தளையைக் கும்பிடு, ரப்பரைத் தூக்கிப் போடு.

கிட் ரப்பர் மேல நம்பிக்கை இல்லையா, கிட்டே வாங்காதீங்க. திண்டுக்கல், மதுரை மாதிரி ஊர்ல ஆயில் சீல், ஓ-ரிங் மட்டுமே விக்கிற கடைகள் இருக்கு. சைஸ் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. ஆனா பழைய ரிங்கை அளந்து சைஸ் சொல்லாதீங்க, அது சுருங்கின கேஸ். அது உட்காருற பள்ளத்தை வெர்னியர்ல அளங்க. "வைட்டான் இருக்கா?"ன்னு கேளுங்க. பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் நைட்ரைலை விட நல்லாத் தாங்கும், விலை கொஞ்சம் கூட. கலரைப் பார்த்து வைட்டான்னு நம்பாதீங்க, எந்த ரப்பருக்கும் எந்தச் சாயமும் போடலாம். பிரேக் ஆயில் பக்கம் போடுற ஈபிடிஎம் ரிங்கை மறந்தும் இங்க போடாதீங்க, பெட்ரோல் பட்டா அப்பளம் மாதிரி ஊதும்.

4. "எல்லாம் எத்தனால் பண்ற வேலை"

இது வாட்ஸப் வாதம். இதுக்கு எதிர்ப்பக்கம் அரசாங்க வாதம். ரெண்டு மேலயும் எனக்குக் கோவம் இருக்கு.

2023 பிப்ரவரில 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் பண்ணினாங்க. 2025-ல நாடு முழுக்க கிட்டத்தட்ட அதுதான் கிடைக்குதுங்கிற நிலை வந்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலியத் துறை ஒரு விளக்கம் குடுத்துச்சு. சில பழைய வண்டிகள்ல 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாத்த வேண்டி வரலாம், செலவு கம்மி, சர்வீஸ் அப்பவே மாத்திக்கலாம்னு. அந்த செப்டம்பர் 1-ஆம் தேதி இது சம்பந்தமான பொதுநல மனுவை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி பண்ணிடுச்சு.

"செலவு கம்மி" சரிதான். ஆனா யார் போய்ச் சொல்றது? எங்க ஊர்ல பால் கேனைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ் 50-ல போறவருக்கு சர்வீஸ் சென்டரும் கிடையாது, கிலோமீட்டர் முள்ளும் வேலை செய்யாது. அவர் வண்டி எந்த 20,000-ல இருக்குன்னு அவருக்கே தெரியாது. பங்க்ல வேற பெட்ரோல் கேட்டு வாங்கவும் வழியில்லை. ரப்பர் மாத்தணும்னு டெல்லில அறிக்கை விட்டா மட்டும் போதாது, பங்க்ல தமிழ்ல ஒரு போர்டு வைங்கய்யா. அதுக்கும் செலவு கம்மிதான்.

வாட்ஸப் மக்களுக்கு: எத்தனால் ரப்பரை ஊதவும் இளக்கவும் செய்யும், உண்மை. அதுல ஆக்சிஜன் இருக்கிறதால 20 சதவீதக் கலவைக்குத் தேவையான காத்து 14.7-லேருந்து சுமார் 13.5-க்கு இறங்குது. அதாவது பழைய ஜெட் செட்டிங்லயே வண்டி கொஞ்சம் லீனா ஓடும், அதுவும் உண்மை. ஆனா அதனால என்ன அர்த்தம்? ஏற்கனவே லீன் பக்கம் தள்ளிட்டாங்க, இனிமே ரப்பர் வெடிப்பு வழியா ஒரு இழுப்பு காத்து போனாலும் தாங்காதுன்னு அர்த்தம். அரசாங்கத்தைத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன். திட்டிட்டு, கையோட அந்த ரப்பரையும் மாத்துங்க. என் மச்சான் விழுந்தது 2021-ல. அன்னைக்கு 20 சதவீதம் வரலை. அன்னைக்கு எத்தனாலைக் குத்தம் சொல்ல முடியாது, என்னைத்தான் சொல்லணும்.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

- கார்புரேட்டரைப் பிரிச்சா உள்ள இருக்கிற ரப்பர் அத்தனையும் புதுசு. வெளிய வந்த ரப்பர் திரும்ப உள்ள போகக் கூடாது. வழக்கு, வாய்தா, மேல்முறையீடு கிடையாது.
- இன்டேக் ரப்பர் ஜாயின்ட்டைக் கழட்டி, வளைச்சு, உள்பக்கம் பாருங்க. பாலிஷ் போடாதீங்க. போட்ட ஒருத்தன் கதையைத்தான் மேல படிச்சீங்க.
- கேஸ்கட் இல்லைன்னு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீங்க. பெட்ரோல்ல அது இளகி, பிஞ்சு, ஜெட் ஓட்டைல போய் உட்காரும்.
- ஸ்ப்ரே கிளீனர், தின்னர் எதுவானாலும் ரப்பரையெல்லாம் கழட்டின பிறகுதான். ரப்பரோட சேர்த்து ஊறப் போடாதீங்க.
- புதுசு மாட்டி நாலு நாள் ஓட்டினதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. டிகாஷன் கலர்னா நிம்மதி. சுண்ணாம்பு வெள்ளைனா ஓட்டாதீங்க, காத்து எங்கேயோ வருது.
- நிறுத்தினதும் பெட்ரோல் டேப்பை மூடுங்க. அப்பா காலத்து ஆளுங்க எல்லாம் இதைப் பண்ணினாங்க. நாமதான் மறந்துட்டோம்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், எல்லா ரப்பருக்கும் குதிக்க வேண்டியதில்லை. கேபிள் மேல இருக்கிற குல்லா ரப்பர் கிழிஞ்சா கொஞ்சம் தூசி, கொஞ்சம் மழைத்தண்ணி, அவ்வளவுதான். அதை மட்டும் ஒரிஜினலா வச்சுக் கொஞ்சுங்க, யாரும் கேட்கலை. ஆனா காத்தையும் பெட்ரோலையும் தடுத்து நிறுத்துற ரப்பர்ல கஞ்சத்தனம் வேண்டாம். மொத்தமா மாத்தினாலும் ரெண்டு மூணு திண்டுக்கல் பிரியாணிக் காசுதான் ஆகும். குரோமுக்குக் குடுத்த காசுல அது எத்தனையில எத்தனை பங்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இப்ப வண்டி மறுபடி ஓடுது. சிலிண்டர் போர் அடிச்சு, புது பிஸ்டன், ரப்பர் எல்லாம் புதுசு. அந்தப் பழைய ஜப்பான் ஜாயின்ட்டைத் தூக்கிப் போடலை. ஆபீஸ் மேஜைல மானிட்டருக்குக் கீழ வச்சிருக்கேன். "இந்தச் சின்ன விஷயத்தை அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்"னு வாய் வரைக்கும் வர்றப்ப அதை எடுத்து ஒரு தடவை வளைச்சுப் பார்ப்பேன்.

மச்சான் போன மாசம் வந்திருந்தார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். சாவியை நீட்டினேன்.

"வேணாம் மாப்ள, நீயே ஓட்டு. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்"னார்.

பின்னாடி உட்காருற அளவுக்காவது நம்பினாரே. அது போதும் இப்போதைக்கு.

பி.கு. 1: முதல்ல சொன்ன நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி டேங்கோட விட்டத்தை விட அந்த ஜாயின்ட்டோட விட்டம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அடுத்த லீவுக்கு எடுத்துட்டு வர்றேன். கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆகாது. டீ மட்டும் வாங்கிக் குடுங்க.

பி.கு. 2: "புல்லட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது"ன்னு கும்மியடிக்க வர்ற மக்களே, வாங்க வாங்க. ஃபோர் ஸ்ட்ரோக் உடனே சீஸ் ஆகாம கொஞ்சம் நாள் பொறுத்துப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். சொட்டுற பெட்ரோலுக்கும் சூடான இன்ஜினுக்கும் எந்த பிராண்டும் தெரியாது :-)